இரண்டு டிவி வைத்த வீடு

ஒரே அறைக்குள் இரண்டு டிவிப் பெட்டிகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பதை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஒன்று பெரியது, தட்டையானது. மற்றது முதுகு புடைத்த பழைய வகை. அந்த வீட்டில் ப்ளக் செருக ஓர் இடம்தான் இருந்தது என்பதால் தட்டையானதில் மட்டும் படம் ஓடிக்கொண்டிருந்தது. பழையதன் தலையில் பின்னல் துணி ஒன்றைப் போர்த்தி, அதன் மேல் பிளாஸ்டிக் ரோசாப்பூ ஜாடியை வைத்திருந்தார்கள். இன்றைக்கும் ஹட்டன் கடைத்தெருவில் மின்சாதனக் கடைகளைத் தாண்டும்போது, கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக டிவிகள் மின்னுவதைக் கண்டால் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். கூட வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நடுத்தெருவில் நின்று விளக்கம் சொல்லக்கூடிய கதை இல்லை அது. இங்கே எழுத இடம் இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

அப்போது நான் சமூகப்பணி டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். கடைசித் தவணையில் எங்காவது ஒரு நிறுவனத்தில் பயிலுநராக இருந்து வேலை பழக வேண்டும். என்னோடு படித்தவர்கள் கொழும்புக்கும் கண்டிக்கும் பறந்தார்கள். நான் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். மலையை விட்டு இறங்க மனமில்லாமல் ஹட்டனில் இருந்த ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் போய்ச் சேர்ந்தேன். பெற்றோரை இழந்த பிள்ளைகளையும், பெற்றோர் இருந்தும் பார்க்க ஆளில்லாத பிள்ளைகளையும் சிறுவர் இல்லங்களுக்கு அனுப்பாமல், ஒரு வளர்ப்புக் குடும்பத்தோடு வாழவைக்க உதவுவது அதன் வேலை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தோட்டங்களில் எங்களுக்கு இருந்த பெயர் ‘புள்ள புடிக்கிற ஆபீஸ்’. நான் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லயத்துக்குள் நுழைந்தால், தாய்மார் தங்கள் பிள்ளைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ‘வாங்க மிஸ்’ என்பார்கள்.

அத்தையை முதலில் பார்த்தபோது அவர் வேறொருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். டயகமவுக்கு மேலே, பஸ் போகும் வீதியிலிருந்து ஏறிப் போக வேண்டிய தோட்டம். லயத்தின் பின்னால் வடிகால் அடைத்துக்கொண்டு கிடப்பதைப் பற்றி, தேயிலை மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கிடம் கொழுந்துக் கூடையை முதுகில் சுமந்தபடியே அவர் பேசிய பேச்சு மலையின் அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும். கண்டாக்கையா பாவம், தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு நின்றார். காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டில் வேலை பிரிக்கும்போதே அத்தை ஆரம்பித்துவிடுவாராம். அவருடைய கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். வீட்டுக்குத் தேவையான பேச்சு முழுவதையும் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்த மனிதர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ‘அத்தை’ என்பது கூட அவர் வளர்த்த இரண்டு பிள்ளைகள் கூப்பிட்டு, நானும் கூப்பிடப் பழகிக்கொண்ட பெயர்தான்.

அந்தப் பிள்ளைகள் அவருக்குச் சொந்தமில்லை. பக்கத்துக் காம்பராவில், அதாவது லயத்தின் அடுத்த அறையில், இருந்தவளின் பிள்ளைகள். அவள் நோயில் கிடந்து இறந்துபோனாள். தகப்பன் அதற்கு முன்பே கொழும்புக்கு வேலைக்குப் போனவன். அவனுடைய போன் நெடுநாளாக அணைந்தே கிடந்தது. பெரியவனுக்கு அப்போது பத்து வயது. சின்னவளுக்கு நான்கு. தாயைப் புதைத்துவிட்டு வந்த அன்று இரண்டு பேரும் அத்தையின் பின்னால் அவருடைய வீட்டுக்குள் போனார்கள்; அங்கேயே சாப்பிட்டார்கள்; அங்கேயே தூங்கிவிட்டார்கள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. லயத்தில் எந்தப் பிள்ளை எந்த வீட்டில் சாப்பிடுகிறது என்று யாரும் கேட்பதும் இல்லை. பள்ளிக்கூடத்திலும் கிளினிக்கிலும் ‘பாதுகாவலர் யார், கட்டளை எங்கே’ என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது.

நீதிமன்றம் பிள்ளைகளைத் தற்காலிகமாக அத்தையிடமே விட்டுவிட்டு, வீட்டைப் பார்த்து வந்து சொல்லும்படி நன்னடத்தை உத்தியோகத்தரைக் கேட்டிருந்தது. அவர் சரி என்றால் பிள்ளைகள் அங்கேயே வளரலாம். சரியில்லை என்றால் பெரியவன் ஓர் ஊரில் ஆண்பிள்ளைகள் இல்லத்துக்கு, சின்னவள் இன்னோர் ஊரில் சிறு பிள்ளைகள் இல்லத்துக்கு. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளும் இல்லம் பக்கத்தில் எங்கும் இல்லை. இதையெல்லாம் நான் அத்தையிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெரியவன் இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்விறாந்தையில், பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தான். நான் கிளம்பும்போது கூடவே சிறிது தூரம் நடந்து வந்தான். “மிஸ், கூட்டிக்கிட்டுப் போறதா இருந்தா ரெண்டு பேரையும் ஒரே வேன்லதானே ஏத்துவாங்க?” என்று கேட்டான்.  ‘அப்படியெல்லாம் நடக்காது’ என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம் இருந்தது? மழை வரப் போகிறது, திரும்பிப் போ என்றேன்.

வீடு பார்க்க வருபவர் எதையெல்லாம் கவனிப்பார் என்று அத்தை கேட்டார். பிள்ளைகள் தூங்க ஓர் இடம், படிக்க ஓர் இடம், சுத்தம், அவர்கள் அந்த வீட்டில் சந்தோசமாக இருக்கிறார்களா என்பது, இவ்வளவுதான் என்று சொன்னேன்.

“கட்டில் கட்டாயம் இருக்கணுமா மிஸ்?”

“இருந்தா நல்லது அத்தை. இல்லாட்டியும் பரவாயில்ல. சுத்தமா ஒரு பாய் இருந்தா போதும்.”

முதல் பாதியை மட்டும் அத்தை மனதில் முடிந்துகொண்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் வருவதற்கு முன்பே பீலியடியில் ஒரு கதை உலவியிருக்கிறது. தண்ணீர் பிடிக்கும் அந்த இடத்தில் உருவாகிற கதைகளுக்கு வானொலி தேவையில்லை. தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் யாரோ ஒருத்திக்குக் கட்டில் இல்லாததால் பிள்ளையைக் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அப்படி யாரும் இல்லை என்பதைப் பிறகு நான் விசாரித்து அறிந்தேன். ஆனால் அதற்குள் லயம் முழுவதும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

எங்கள் லயங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அது அந்த வீட்டுக் காரியம் மட்டும் இல்லை. ஒரு வீட்டிலிருந்து கதிரைகள் வரும். இன்னொரு வீட்டிலிருந்து பூப்போட்ட கோப்பைகள். ஜன்னல் சேலை ஓரிடத்திலிருந்து, சுடுதண்ணிப் போத்தல் ஓரிடத்திலிருந்து. மாப்பிள்ளை வீட்டார் போனதும் எல்லாம் பேசாமல் அவரவர் வீடு திரும்பிவிடும். என் அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய மணிக்கூடு கூட அடுத்த வீட்டுக்காரருடையது. மாப்பிள்ளை வீட்டாருக்கும் இது தெரியும். அவர்களும் லயத்தில் இருக்கிறவர்கள்தானே. தெரிந்தும் தெரியாததுபோல முறுக்கைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். இந்த மரியாதையை அரசாங்கத்திலிருந்து வரும் ஓர் உத்தியோகத்தருக்கும் காட்டலாம் என்று அந்த லயத்துக்குத் தோன்றியதுதான் வினையாகிவிட்டது.

நன்னடத்தை உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்துக்காரர். மலைநாட்டுக்கு மாற்றலாகி வந்து பல வருடமாகியும் குளிர் பழகாதவர். ஸ்வெட்டரும் கழுத்தில் மஃப்ளருமாகத்தான் இருப்பார். கறாரானவர் என்று பெயர். பார்க்கப் போகிற வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க மாட்டார். குடித்தால் பேனை சாய்ந்துவிடும் என்பார். ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவரோடு நான் மலையேறினேன். அவர் குடையை ஊன்றி ஊன்றி, மூச்சு வாங்க நடந்தார். லயத்தை நெருங்கியபோது எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. சனிக்கிழமை அந்த நேரத்தில் பிள்ளைகள் கத்தும், கோழிகள் ஓடும், பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும். அன்றைக்கோ எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. ஒவ்வொரு ஜன்னல் இடுக்கிலும் ஒரு கண் தெரிந்தது.

அத்தை வாசலில் பட்டுச் சேலையில் நின்றார். கையில் வெற்றிலைத் தட்டம். சின்னவளுக்குப் பட்டுப் பாவாடை கட்டி, கன்னத்தில் மை வைத்து, தலையில் அவளுடைய தலையை விடப் பெரிய பூவைச் சூட்டியிருந்தார்கள். “வாங்க சேர், வாங்க வாங்க,” என்று அத்தை சொன்ன குரலில் வழக்கமான அத்தையே இல்லை. சேர் ஒரு காலை வாசலுக்குள் வைத்தார். மற்றக் காலை வைக்க இடம் தேடினார், கிடைக்கவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்குமோ என்னவோ அந்த அறை. அதற்குள் ஓர் இரட்டைக் கட்டில், கண்ணாடி அலுமாரி, ஒரு சோஃபா, சாப்பாட்டு மேசை, குளிர்சாதனப் பெட்டி, முதலில் சொன்ன இரண்டு டிவிகள். கட்டில் கதவால் நுழையாமல் கழற்றி உள்ளே கொண்டுபோய்ப் பொருத்தியிருக்கிறார்கள். அத்தையின் கணவர், பிள்ளைகளுக்கு மாமா, சோஃபாவுக்கும் சுவருக்கும் இடையில் செருகப்பட்டவர்போல நின்று புன்னகைத்தார். பெரியவன் கட்டிலின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கீழே உட்கார வழியில்லை.

“உள்ளுக்கு வர இடமில்லையே அம்மா,” என்றார் சேர். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “உதென்ன, ரெண்டு டிவி?” என்று கேட்டார்.

“ஒன்னு படம் பாக்க, ஒன்னு நியூஸ் பாக்க சேர்,” என்று அத்தை கண் இமைக்காமல் சொன்னார். பெரிய டிவியைக் கொடுத்த வீடும் பழைய டிவியைக் கொடுத்த வீடும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாதவை, ஒன்றை வாங்கி ஒன்றை வேண்டாம் என்றால் புதுச் சண்டை வெடிக்கும் என்பதால் இரண்டையும் வைக்க வேண்டியதாகிவிட்டது என்று பிறகுதான் எனக்குச் சொன்னார்.

சேர் வாசலில் நின்றபடியே கழுத்தை நீட்டிக் கண்ணாடி அலுமாரியைப் பார்த்தார். நடுத்தட்டில் சட்டம் போட்ட கல்யாணப் படம் ஒன்று இருந்தது. மாலையும் கழுத்துமாக ஓர் இளம் ஜோடி.

“இந்தப் படத்தில இருக்கிறது ஆர்?”

அலுமாரியைத் தூக்கி வந்த அவசரத்தில் படத்தை எடுக்க மறந்திருக்கிறார்கள். அத்தை ஒரு கணம்தான் திணறினார். “நாங்கதான் சேர். கல்யாணத்தப்ப எடுத்தது. அப்ப ரெண்டு பேரும் ஒல்லி.”

பட்டுப் பாவாடை கட்டிய சின்னவளுக்கு இது பொறுக்கவில்லை. “அது அத்த இல்ல,” என்றாள். “அது கடைசி வீட்டுச் சித்தி. அலுமாரியும் சித்தியோடதுதான். கட்டிலு தாத்தாவோடது. பெரிய டிவிய தொட்டா கைய ஒடச்சிருவேன்னு அந்த வீட்டு மாமா சொன்னாரு.” தெரிந்ததையெல்லாம் ஒழுங்காகச் சொல்லி முடித்த திருப்தியில் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். 

சேர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். “கட்டில் இல்லையெண்டதுக்காக நான் ஒரு பிள்ளையையும் ஒரு வீட்டிலயிருந்து பிரிச்சதில்லை அம்மா,” என்றார். “ஆனா பார்க்க வந்தவனை ஏமாத்திற வீட்டை நம்பி ரெண்டு பிள்ளையளை எப்பிடி விடுறது? இண்டைக்கு இதை மறைக்கிறீங்கள். நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்டு நடந்தா அதையும் மறைப்பீங்களோ?” அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த வேலையில் இத்தனை வருடமாக இருக்கிற எனக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவர்மேல் எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. அதைவிட அத்தைமேல் வந்தது. ஒரு பாயை விரித்துப் போட்டுவிட்டு, கண்டாக்கையாவிடம் பேசுவதில் பாதியைப் பேசியிருந்தால் போதாதா?

அவர் குடையை எடுத்தபோது வானம் உடைந்துகொண்டு கொட்டியது. கீழே இருந்து வரவேண்டிய ஓட்டோ சேற்றில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் இஸ்தோப்பிலேயே நின்றோம். உள்ளே அத்தை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த மனுசியின் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராததை நான் அன்றுதான் கண்டேன். பெரியவன் மட்டும் கட்டிலிலிருந்து இறங்கி, சாமான்களுக்கு இடையில் புகுந்து, கொடியில் கிடந்த தங்கச்சியின் உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கடைப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். யாரும் அவனை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சேரும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு மழையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அப்போது இரண்டு கதவுகள் தள்ளி இருந்த வீட்டிலிருந்து ஒரு பெண், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, பின்பக்க வழியாக வந்து சமையல்கட்டான குசினியின் கதவைத் தட்டினாள். “அக்கா, சேர் போயிட்டாரா? மாமனார் காலையிலேருந்து தரையில கெடக்காரு, இடுப்பு புடிச்சிக்கிச்சு. கட்டில மட்டும் குடுத்துருங்க,” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள், முன்வாசலில் சேர் நிற்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். முன்னால் வரவும் முடியவில்லை, பின்னால் போகவும் முடியவில்லை.

“ஆர் தரையில கிடக்கிறது?” என்று சேர் கேட்டார். அவள் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சேர் குடையை விரித்துக்கொண்டு, கூரைத் தண்ணீர் மேலே விழ விழ, லயத்தின் ஓரமாக நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அந்த வீட்டுக் கதவைத் தள்ளியபோது, கொழுந்தெடுக்கும்போது பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்குச் சாக்கை விரித்து அதன் மேல் அந்தக் கிழவர் முனகிக்கொண்டு கிடந்தார். சுவரோரத்தில் கட்டில் நின்ற இடம் மட்டும் தூசி படாமல் தெரிந்தது. அடுத்த வீட்டில் மேசை போய்விட்டதால் இரண்டு பிள்ளைகள் குப்புறப் படுத்துக் கணக்குச் செய்துகொண்டிருந்தார்கள். அதற்கடுத்த வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்த மீனும் பாலும் ஒரு பேசினில் கிடக்க, ஒரு பெண் பூனையை விரட்டிக்கொண்டிருந்தாள். கடைசி வீட்டில் கல்யாணப் படத்துச் சித்தி, படத்தில் இருப்பதை விடக் கொஞ்சம் பருமனாக, எழுந்து நின்று கும்பிட்டாள்.

சேர் திரும்பி வந்து கிழவரின் வாசலில் நின்றார். “என்னத்துக்கு இப்பிடிச் செய்தனீங்கள்?”

“பொண்ணு பாக்க வந்தா குடுக்குறோமே சேர், அது மாதிரிதான்,” என்றாள் மருமகள். “அந்த வீடு கொறைஞ்சி தெரிஞ்சா லயமே கொறைஞ்ச மாதிரி.”

கிழவர் கீழே கிடந்தபடியே, “நான்தான் தொர தூக்கிட்டுப் போகச் சொன்னேன்,” என்றார். “கட்டில்ல படுத்து நான் என்னத்தக் கண்டேன். அதுக ரெண்டும் போயிருச்சின்னா அந்தக் குட்டி வந்து என் வெத்தலப் பைய யாரு கொட்டிக் கவுக்குறது?”

சேர் மஃப்ளரை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். மழைத் தண்ணீரைத் துடைக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். இப்போதும் அப்படியே நினைத்துக்கொள்கிறேன். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படியாக, “எல்லாரும் அவரவர் சாமானை எடுத்துக் கொண்டு போங்கோ,” என்றார். “முதல்ல இந்த ஐயாவின்ர கட்டில். நான் கீழ பீலியடி மட்டும் போய்த் திரும்பி வாறன். நான் இப்பதான் முதல்தரம் வாறன் எண்டு வையுங்கோ.”

சாத்தியிருந்த கதவுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் திறந்தன. கொட்டும் மழையில், பிளாஸ்டிக் விரிப்புகளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஒரு லயத்தின் சாமான்கள் வெளியேறின. கட்டிலைக் கழற்றியவர்கள் ஆணி ஒன்றைத் தொலைத்துவிட்டு ஒருவரையொருவர் ஏசிக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டாரும் வாசலில் முட்டிக்கொண்டு, “நீ மொதல்ல கொண்டு போ,” என்று பேச வேண்டியதாகிவிட்டது. சின்னவள் பட்டுப் பாவாடையோடு ஒவ்வொரு சாமானும் யாருடையது என்று கை நீட்டி அறிவித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் போய் முடிந்த பிறகு அறை அகலமாகத் தெரிந்தது. ஒரு பழைய மரப்பெட்டி, சுவரில் ஆணியில் தொங்கிய பள்ளிக்கூடப் பை, சுருட்டி வைத்த பாய்கள், கழுவிக் கவிழ்த்த தட்டுகள். அத்தை பட்டுச் சேலையை மாற்றவில்லை. ஆனால் குரல் திரும்பிவிட்டது. வாசலில் சேற்றைக் கொண்டுவந்தவர்களை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

“வீட்டுக்காரர்,” என்று வெளியே ஒரு குரல் கேட்டது. யாழ்ப்பாணத்தில் வாசலில் நின்று அப்படித்தான் கூப்பிடுவார்களாம். சேர் குடையை மடக்கி வைத்துவிட்டு, முன்பு வராதவர்போல உள்ளே வந்தார். அத்தை பாயை விரித்தார், அதில் உட்கார்ந்தார். எங்கே தூங்குகிறீர்கள் என்று கேட்டதற்குப் பெரியவன் இடம் காட்டினான். சுவரோரம் தங்கச்சி, அவளுக்குப் பக்கத்தில் அத்தை, பிறகு அவன், கதவோரம் மாமா. எங்கே படிக்கிறாய் என்று கேட்டதற்கு, மேசை இருக்கிற வீட்டில் என்றான். யாராவது அடிப்பார்களா என்று கேட்டார். அத்தை அடிப்பார், பல் தீட்டாவிட்டால் மட்டும், என்றான். அத்தை வாயைத் திறக்கப் போனார். நான் கையைப் பிடித்து அழுத்தினேன். அடிக்கக் கூடாது அம்மா, என்று சேர் அதற்கும் கண்டிப்பாகச் சொன்னார். அத்தை தலையாட்டினார்.

கடைசியாகச் சேரின் கண் அந்தக் கடைப் பையில் விழுந்தது. “அதில என்ன தம்பி?”

“தங்கச்சி உடுப்பு சேர்.” பையைத் திறந்து காட்டினான். “இந்தக் கம்பளிச் சட்டைய போட்டாத்தான் அவ தூங்குவா. போற எடத்துல அவங்களுக்குத் தெரியாது. நீங்க சொல்லிருங்க.” தன்னுடைய உடுப்பு ஒன்றைக்கூட அவன் எடுத்து வைத்திருக்கவில்லை.

 சேர் பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகினார். “அதை எடுத்த இடத்தில வை தம்பி,” என்றார். “முடிவு கோட்டின்ர கையில. நான் கண்டதைக் கண்டபடி சொல்லுவன்.” அதன் பிறகு, வாழ்க்கையில் முதல்தடவையாக இருக்க வேண்டும், பார்க்கப் போன வீட்டில் அவர் தேத்தண்ணி கேட்டார். அத்தை போட்டுக் கொடுத்த, பால் விடாத சாயத்தண்ணியைக் கோப்பையின் அடிவரை குடித்தார்.

அவர் இப்போது ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டார். பொங்கலுக்கு நான் தொலைபேசி எடுத்தால் முதலில் ‘அந்தப் பிள்ளையள் எப்பிடி’ என்று கேட்பார். பெரியவன் மாமாவை விட உயரமாகி உயர்தரம் படிப்பதையும், சின்னவள் பள்ளிக்கூட விவாதப் போட்டியில் எதிரணியை அத்தை பாணியில் துவைத்தெடுப்பதையும் சொல்வேன். சிரித்துக்கொண்டே கேட்பார். கடைசியில், “எண்டாலும் பிள்ளை, அந்த ரெண்டாவது டிவி தேவையில்லாதது,” என்று சொல்லித்தான் போனை வைப்பார்.

மீதிக் கதைக்குத் திரும்புகிறேன். வழக்கு எடுக்கப்பட்ட நாளன்று அத்தையையும் மாமாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நான் நீதிமன்றத்துக்குப் போனேன். போய்ப் பார்த்தால் எங்களுக்கு முன்பே முதல் பஸ்ஸில் லயம் வந்து இறங்கியிருந்தது. அன்றைய வேலையை விட்டுவிட்டு, கல்யாணத்துக்கு உடுத்துவதுபோல உடுத்திக்கொண்டு, பின்னாலிருந்த பெஞ்சுகளில், எங்கள் பேச்சில் பின்வாங்குகளில், நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இடுப்புப் பிடித்த கிழவர்கூட மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். நீதவான் ஒரு சிங்களப் பெண்மணி. சேர் எழுந்து நின்று நடந்ததையெல்லாம் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. கடன் வாங்கிய கட்டில், அலுமாரி, கல்யாணப் படம் எல்லாம் சிங்களத்தில் வரிசையாக வந்தன.  நீதவான் எழுதுவதை நிறுத்திவிட்டு அத்தையை நிமிர்ந்து பார்த்தார். அவர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: அந்தச் சாமான்கள் உங்களுடையவை இல்லை என்பது உண்மையா?

“ஆமாங்க,” என்றார் அத்தை.  “எங்களோடது இல்லீங்க. கேட்டேன், குடுத்தாங்க. நாளைக்கு இந்தப் புள்ளைங்களுக்கு ஒன்னுன்னாலும் கேப்பேன், குடுப்பாங்க. பின்னால தான் உக்காந்திருக்காங்க, நீங்களே கேட்டுப் பாருங்க.”

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொல்லி முடித்ததும் நீதவான் பின்வாங்குகளைப் பார்த்தார். தங்களைத்தான் பார்க்கிறார் என்று புரிந்ததும், என்ன கேட்கிறார் என்றே தெரியாமல், லயம் முழுவதும் எழுந்து நின்றது. கிழவர் எழும்ப முடியாமல் கையை மட்டும் தூக்கினார். நீதவான் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்து நெடுநேரம் எழுதினார். பிறகு வாசிக்கத் தொடங்கினார்.

என் சிங்களம் கடைக்குப் போய் வரப் போதுமான சிங்களம். கட்டளைகளில் வருகிற சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை. அத்தைக்கும் மற்றவர்களுக்கும் அதுவும் இல்லை; அவர்கள் நீதவானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவன் மட்டும் தோட்டத்துக்குக் கீழே உள்ள சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடித் திரிந்தவன். தங்கச்சியின் கையைப் பிடித்தபடி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டு நின்றான். நீதவான் வாசித்து முடித்தார். மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமினார். அதற்குள் பெரியவன் திரும்பிவிட்டான்.

“அத்த, வீட்டுக்குப் போகலாமாம். ரெண்டு பேரும்.”

பின்வாங்குகளில் குபீரென்று சத்தம் எழுந்தது. பொலிஸ்காரர் கையை உயர்த்தினார். அத்தை அவரை முந்திக்கொண்டு திரும்பி, “சத்தம் போடாதீங்க, இது கோட்டு,” என்று தன் லயத்தை அதட்டினார். அதட்டி முடிப்பதற்குள் அவருக்கே உடைந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து அணைத்துக்கொண்டு, டயகம வரைக்கும் கேட்கும்படி அழுதார். பொலிஸ்காரர் நீதவானைப் பார்த்தார். நீதவான் பேசாமல் இருக்கும்படி அவருக்குச் சைகை காட்டிவிட்டு, அத்தை அழுது முடிக்கும்வரை அடுத்த வழக்கைக் கூப்பிடாமல் காத்திருந்தார்.